சம்பளத் தரவை யார் பார்க்கலாம்? தோட்ட அலுவலகத்தில் பாதுகாப்பு ரோல்களைத் திருத்திய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு செம்பனைத் தோட்ட நிறுவனத்தில், யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் பாதுகாப்பு ரோல்களை முழுமையாக மாற்றியமைக்கும் பணியை அண்மையில் செய்து முடித்தேன். வேலையாள் பதிவேடு, அன்றாட வருகை, வெட்டிய குலைகளின் கணக்கு, சம்பளம், முன்பணம் ஆகிய எல்லாமே அங்கு மைக்ரோசாப்ட் டேட்டாவெர்ஸ் என்ற தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. அதன் மேல், செயலி கட்டும் கருவியான பவர் ஆப்ஸில், அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்ட ஒரு மாடல்-டிரிவன் செயலியைத் தோட்ட அலுவலகங்கள் நாள்தோறும் பயன்படுத்துகின்றன. இத்தகைய தளத்தை நிர்வகிக்கும் பொறுப்பு இப்போது நம்மவர் பலரிடம் வந்திருப்பதால், செய்த வேலையையும் அதில் எடுத்த முடிவுகளையும் காரணங்களோடு எழுதி வைக்கிறேன்.

நான் பொறுப்பேற்றபோது தோட்ட அலுவலக எழுத்தர்களான கிராணிகள் அனைவருக்கும் ஒரே ரோல் வழங்கப்பட்டிருந்தது. முன்பு இந்த அமைப்பை நிறுவிக் கொடுத்தவர்கள், ஏறக்குறைய எல்லா அட்டவணைகளுக்கும் படித்தல், எழுதுதல், நீக்குதல் ஆகிய உரிமைகளை ‘ஆர்கனைசேஷன்’ எல்லையில், அதாவது நிறுவனம் முழுவதற்குமாக, திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு தோட்டத்துக் கிராணி வேலையாள் பட்டியலைத் திறந்தால் மற்ற தோட்டங்களின் ஆட்களும் அகர வரிசையில் கலந்து வருவார்கள். பெயருக்கு அடுத்து அடையாள அட்டை எண், வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் கடப்பிதழ் எண். அதற்கடுத்து வங்கிக் கணக்கு. கடைசியாக நிலுவையில் இருக்கும் முன்பணம். இவ்வளவும் ஒரே வரியில், யார் கேட்டாலும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளக் கூடிய நிலையில் இருந்தன.

தோட்டப்புற ஊர் ஒன்றில் இதன் பொருள் என்ன என்பதை இங்கு வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் கிராணியாக இருப்பவரின் மாமா இன்னொரு தோட்டத்தில் குலை வெட்டுவார். வேலையாட்களை மேற்பார்வையிடும் மண்டோரின் மருமகள் மூன்றாவது தோட்டத்தில் எரு போடுவார். மகளின் கல்யாணத்துக்காக ஒருவர் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பது மாலைக்குள் சாப்பாட்டுக் கடையில் பேச்சாகிவிட்டால், அவருக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் கனத்த புத்தகமாக இருந்த காலத்தில், அது அந்தந்தத் தோட்ட அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. கணினிக்கு மாறியபோது அந்தப் பூட்டையும் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சட்டத்தின் தேவையும் இருந்தது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் அதை அனுமதியற்ற அணுகலிலிருந்து காக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது. 2024இல் நிறைவேற்றப்பட்ட திருத்தம் கட்டங்கட்டமாக அமலுக்கு வந்து, தரவுக் கசிவைத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆணையருக்குத் தெரிவிக்க 72 மணி நேரமே உண்டு. யார் எதைப் பார்க்க முடிந்தது என்பதே தெரியாத அமைப்பில், கசிந்தது எது என்று அந்த நேரத்துக்குள் சொல்ல வழியே இல்லை. நிர்வாகம் இந்த வேலைக்கு ஒப்புதல் அளித்ததற்கு இந்த வாதம் பெரிதும் துணைநின்றது.

இருப்பதைப் படித்தல்

டேட்டாவெர்ஸும் பவர் ஆப்ஸும் அடங்கிய பவர் பிளாட்ஃபார்மின் நிர்வாக மையத்தில், தரவும் செயலியும் இருக்கும் உரிய சூழலைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பகுதியில் பயனர்கள், அனுமதிகள் என்ற தலைப்பின் கீழ் ‘செக்யூரிட்டி ரோல்ஸ்’ பட்டியலைத் திறந்தால், இருக்கும் ரோல்கள் அனைத்தும் தெரியும். ஒரு ரோலைத் திறந்தால் அட்டவணைகள் வரிசையாகவும், ஒவ்வொன்றுக்கும் எட்டு உரிமைகள் குறுக்காகவும் வரும்: உருவாக்குதல், படித்தல், எழுதுதல், நீக்குதல், ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கும் அப்பெண்ட், அப்பெண்ட் டு, உரிமையாளரை மாற்றும் அசைன், பிறரோடு பகிரும் ஷேர். ஒவ்வோர் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. எதுவும் இல்லை என்பதில் தொடங்கி, தன் பதிவுகள் மட்டும், தன் பிசினஸ் யூனிட் (நிறுவனத்தின் ஒரு பிரிவு), தன் யூனிட்டும் அதன் கீழுள்ளவையும், நிறுவனம் முழுவதும் என்று அது விரிந்துகொண்டே போகும்.

இந்தக் கட்டங்களில் கை வைப்பதற்கு முன் மனத்தில் பதிய வேண்டிய விதி ஒன்று உண்டு. டேட்டாவெர்ஸில் உரிமைகள் கூட்டப்படுமே தவிர ஒருபோதும் கழிக்கப்படுவதில்லை. ஒருவருக்கு மூன்று ரோல்கள் இருந்தால் அவற்றில் எது தாராளமானதோ அதுவே செல்லும். குறுகிய ரோல் ஒன்றைப் புதிதாகக் கொடுத்து, பழைய ரோல் தந்த அணுகலைக் குறைக்க முடியாது. ஆகவே, ‘கட்டுப்படுத்தப்பட்ட கிராணி’ என்ற பெயரில் ஏற்கனவே உருவாக்கப்பட்டுப் பலருக்கும் வழங்கப்பட்டிருந்த ரோல், பழைய ரோல் கூடவே இருந்த வரையில் எந்தப் பயனையும் தரவில்லை. பெயரைப் பார்த்து நிர்வாகம் நிம்மதியாக இருந்தது. உண்மையில் கதவு திறந்தேதான் கிடந்தது.

ஆகவே ரோல்களைப் படிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பயனரிடமும் எந்தெந்த ரோல்கள் நேரடியாக இருக்கின்றன, எவை குழுவின் வழியாக வருகின்றன என்பதையும் எழுதி எடுத்தேன். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோல் தேவைக்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது. ஏதோ ஓர் அவசரத்தில், செயலி திறக்கவில்லை என்று புகார் வந்தபோது, காரணத்தைத் தேடாமல் அந்த ரோலைக் கொடுத்துச் சிக்கலை மூடியிருக்கிறார்கள். அந்த ரோலைத் திருத்தவும் முடியாது, அதற்குள் வரம்பு போடவும் முடியாது. அதைப் பெற்றவருக்கு எல்லாம் தெரியும்.

வேலையைப் பார்த்துவிட்டு ரோலை எழுதுவது

ரோல்களைக் கட்டத்தின் முன் உட்கார்ந்து வடிவமைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அட்டவணைகளின் பெயர்களைப் பார்த்து உரிமைகளை யூகித்தால், ஒன்று அளவுக்கு மேல் கொடுப்போம், அல்லது வேலை நின்றுபோகும்படி அடைப்போம். அதனால் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குச் சென்று நின்றேன். மண்டோர் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து எந்த பிளாக்குக்கு யார் என்று பிரித்துவிடுகிறார். கிராணி கைக்கணினியில் வருகையைக் குறிக்கிறார். நண்பகலில் குலை எண்ணும் ஆள் ஒவ்வொரு வெட்டுநரின் எண்ணிக்கையையும் உதிரிப் பழத்தின் எடையையும் பதிகிறார். மாலையில் களக் கண்காணிப்பாளரான கண்டக்டர் அவற்றைச் சரிபார்க்கிறார். இவர்களில் வங்கிக் கணக்கு எண்ணை யாரும் ஒருமுறைகூடத் தொடவில்லை. அந்த எண் தேவைப்படுவது மாத இறுதியில், தலைமை அலுவலகத்தில் சம்பளக் கோப்பைத் தயாரிக்கும் பிரிவுக்கு மட்டுமே.

நீண்ட காலமாக அந்த வேலையில் இருக்கும் மூத்த கிராணி ஒருவர், நான் குறிப்பெடுப்பதைக் கவனித்துவிட்டு, “தம்பி, பக்கத்துத் தோட்டத்துக் கிராணி லீவுல போனா நான்தான் அங்கயும் உட்காரணும். அதையும் சேர்த்து அடைச்சிட்டீங்கன்னா சம்பளம் நின்னுடும், பாத்துக்குங்க” என்றார்.

“அப்படி அடைக்க மாட்டேன்க்கா. நீங்க அங்க உட்கார்ற நாளுக்கு மட்டும் திறக்கிற மாதிரி வழி இருக்கு. யார் யாருக்குப் பதிலா யார் போவீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் கொடுத்த அந்தப் பட்டியல், எந்த அமைப்பு ஆவணத்திலும் இல்லாத தகவல். பின்னால் குழுக்களை அமைத்தபோது அதையே அடிப்படையாகக் கொண்டேன்.

யூனிட்டும் உரிமையாளரும்

‘தன் யூனிட்’ என்ற எல்லை பயன்பட வேண்டுமானால் முதலில் யூனிட்கள் இருக்க வேண்டும். பழைய அமைப்பில் எல்லாப் பயனர்களும், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர் யூனிட்டிலேயே இருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பிசினஸ் யூனிட்டை வேரின் கீழ் உருவாக்கி, ரோல்களை மட்டும் வேர் யூனிட்டில் வைத்தேன். அங்கு எழுதப்படும் ரோல் கீழுள்ள எல்லா யூனிட்களுக்கும் தானாக இறங்கும். ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஒரே கிராணி ரோல், எந்த யூனிட்டில் இருக்கும் ஆளுக்கு வழங்கப்படுகிறதோ அந்தத் தோட்டத்தின் எல்லைக்குள் வேலை செய்யும். தோட்டத்துக்கு ஒரு ரோல் என்று எழுதியிருந்தால், பராமரிப்பு அளவு கடந்து போயிருக்கும்.

பயனரை ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இயல்பான அமைப்பில் அவருடைய ரோல்கள் அனைத்தும் அப்போதே நீங்கிவிடும். புதிய யூனிட்டில் மீண்டும் வழங்கும்வரை அவர் செயலிக்குள் வர முடியாது. இரண்டாவது இதைவிட முக்கியமானது. அவர் பெயரில் இருக்கும் பதிவுகள் அவரோடு சேர்ந்து புதிய யூனிட்டுக்குப் போய்விடும். ஒரு கிராணி வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனால், பழைய தோட்டத்தில் அவர் உள்ளிட்ட வருகைப் பதிவுகளும் அவரோடு நகர்ந்து, பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். தோட்டங்களில் மாற்றல் அடிக்கடி நடப்பது.

இதற்குத் தீர்வாக, பதிவுகள் ஆளின் பெயரில் இல்லாமல் தோட்டத்தின் பெயரில் இருக்கும்படி அமைத்தேன். ஒவ்வொரு யூனிட்டிலும் உறுப்பினர்களே இல்லாத ஓர் உரிமையாளர் குழுவை உருவாக்கி, பதிவு உருவானதும் பின்னணியில் ஓடும் ஒரு ஃப்ளோ (தானியங்கி வேலை) அதன் உரிமையை அந்தக் குழுவுக்கு மாற்றும்படி செய்தேன். யூனிட்டோடு தானாக உருவாகும் இயல்புக் குழுவை இதற்குப் பயன்படுத்தவில்லை. ஒரு குழு பதிவை உடைமையாகக் கொள்ள, அந்த அட்டவணையைப் படிக்கும் ரோல் அதற்கு இருக்க வேண்டும். இயல்புக் குழுவில் அந்த யூனிட்டின் எல்லாப் பயனர்களும் தாமாகவே உறுப்பினர்கள் என்பதால், குழுவுக்குக் கொடுத்தது காவலாளி முதல் கண்டக்டர் வரை எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மிக அதிக உழைப்பை எடுத்துக்கொண்டது முன்பண அட்டவணை. ரோல் எடிட்டரில் அதன் வரியில் எந்த உரிமையைத் தொட்டாலும், ‘இல்லை’, ‘நிறுவனம் முழுவதும்’ என்ற இரண்டே தேர்வுகள்தாம் வந்தன. காரணம், அது உருவாக்கப்பட்டபோதே நிறுவனத்துக்குச் சொந்தமான அட்டவணையாக அமைக்கப்பட்டிருந்தது. பயனர் அல்லது குழுவுக்குச் சொந்தமான அட்டவணைக்கு மட்டுமே இடைப்பட்ட எல்லைகள் உண்டு. இந்தத் தேர்வை உருவாக்கிய பின் மாற்றவும் வழியில்லை. ஆகவே சரியான உரிமை வகையோடு புதிய அட்டவணை ஒன்றைக் கட்டி, பழைய பதிவுகளை அந்தந்தத் தோட்டக் குழுவின் பெயரில் அதற்கு மாற்றி, படிவங்கள், பார்வைகள், ஃப்ளோக்கள் எல்லாவற்றையும் அதன்பால் திருப்பிவிட்டு, கடைசியில் பழைய அட்டவணையை ரோல்களிலிருந்து அகற்றினேன். புதிதாகத் தளம் கட்டுபவர்கள் அட்டவணையை உருவாக்கும் அந்த ஒரு திரையில் சற்று நின்று யோசித்தால், பின்னால் இந்த வேலை முழுவதும் மிச்சமாகும்.

ரோல்களை எழுதியது

புதிய ரோல்களுக்குப் பழைய ரோலின் நகலை அடிப்படையாக எடுக்கவில்லை. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவதைவிட, வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. மைக்ரோசாப்ட் தரும் ‘ஆப் ஓப்பனர்’ ரோல் இதற்கென்றே உள்ளது. மாடல்-டிரிவன் செயலியைத் திறந்து உலாவ வேண்டிய குறைந்தபட்ச உரிமைகள் அதில் இருக்கின்றன. அதை நகலெடுத்து, கிராணி, களக் கண்காணிப்பு, தோட்ட மேலாளர், சம்பளப் பிரிவு என்று வேலையின் பெயரால் ரோல்களை எழுதினேன். புதிய எடிட்டரில் ஓர் அட்டவணைக்கு ‘பிரைவேட்’, ‘கொலாபரேட்’, ‘ரெஃபரன்ஸ்’ போன்ற ஆயத்த அமைப்புகளை ஒரே சொடுக்கில் கொடுக்கலாம். எங்களுக்கு அவை பயன்படவில்லை. அவற்றில் எதுவும் யூனிட் அளவில் நிற்பதில்லை. கட்டம் கட்டமாகக் கையால்தான் அமைக்க வேண்டியிருந்தது.

கிராணி ரோலுக்கு வருகை, குலைக் கணக்கு ஆகியவற்றில் உருவாக்குதல், படித்தல், எழுதுதல் மூன்றும் யூனிட் எல்லையில். வேலையாள் பதிவேட்டைப் படிக்கலாம், தொலைபேசி எண் போன்றவற்றைத் திருத்தலாம். பிளாக் பட்டியல், கூலி விகிதம் போன்றவை நிறுவனத்துக்குப் பொதுவானவை என்பதால் படிப்பது மட்டும் முழு எல்லையில் இருக்கிறது. நீக்கும் உரிமை எந்தத் தோட்ட ரோலிலும் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி தொழிலாளர் பதிவேட்டு விவரங்களை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். தவறான பதிவைச் செயலற்றதாகக் குறித்தால் போதும், அழிக்க வேண்டிய அவசியம் தோட்ட அலுவலகத்துக்கு இல்லை.

அப்பெண்ட், அப்பெண்ட் டு என்ற இரண்டையும் சோதனையின்போது கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு குலைக் கணக்குப் பதிவில் வெட்டுநரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பதிவு வேலையாள் பதிவோடு இணைக்கப்படுகிறது. இணையும் அட்டவணையான குலைக் கணக்கில் அப்பெண்ட் உரிமையும், இணைக்கப்படும் அட்டவணையான வேலையாளில் அப்பெண்ட் டு உரிமையும் இருந்தால்தான் சேமிக்க முடியும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், படிவம் முழுவதும் நிரப்பிய பின் சேமிக்கும் நொடியில் பிழை வரும். அந்தப் பிழைப் பெட்டியில் விவரக் கோப்பை இறக்கிப் பார்த்தால், ‘பிரின்சிபல் யூசர்’ என்று தொடங்கி ஒரு நீண்ட அடையாளத் தொடர், அதன் பக்கத்தில் ‘டைப்=8’ என்ற குறிப்பு, பிறகு ‘பிஆர்வி அப்பெண்ட் டு’ என்று தொடங்கி அட்டவணையின் பெயரோடு முடியும் உரிமைப் பெயர் ஆகியவை இருக்கும். 8 என்றால் உரிமை குறைவது பயனருக்கு, 9 என்றால் குழுவுக்கு. பார்க்க அச்சுறுத்துவது போலிருந்தாலும், எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதை அந்த ஒரு வரி மிகத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. இந்த வரியைப் படிக்கப் பழகியவர் யாருக்கும் அவசரத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ரோலைக் கொடுக்க மாட்டார்.

எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யும் உரிமை அட்டவணைகளின் வரிசையில் இல்லை. இதர உரிமைகள் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, சம்பளப் பிரிவுக்கும் மேலாளருக்கும் மட்டும் விட்டுவைத்தேன். மாற்ற வரலாற்றைப் பார்க்கும் உரிமையும் அதே பகுதியில் உள்ளது. அதைக் கிராணி ரோலில் சேர்க்காததற்கான காரணம் அடுத்து வருகிறது.

புல அளவில் பூட்டு

ரோல் ஒரு பதிவு முழுவதையும் திறக்கும் அல்லது மூடும். கிராணிக்கு வேலையாள் பதிவு தேவை. அதிலுள்ள கடப்பிதழ் எண்ணும் வங்கிக் கணக்கும் தேவையில்லை. இதற்கு, பதிவில் ஒரு விவரம் இருக்கும் இடமான புலத்தை மட்டும் பூட்டும் புலப் பாதுகாப்பு என்ற தனி வசதி உண்டு. புலத்தின் அமைப்பில் அதை இயக்கியதும், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் தவிர மற்ற அனைவருக்கும் அந்தப் புலத்தின் மதிப்பு மறைந்துவிடும். பிறகு ஒரு புலப் பாதுகாப்பு புரொஃபைலை உருவாக்கி, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு இது எளிதாக முடிந்தது.

அடையாள எண்ணுக்கு முடியவில்லை. பழைய வடிவமைப்பில் வேலையாள் அட்டவணையின் முதன்மைப் பெயர்ப் புலத்திலேயே அந்த எண்ணை இட்டிருந்தார்கள். முதன்மைப் பெயர்ப் புலத்தைப் புல அளவில் பூட்ட டேட்டாவெர்ஸ் இடம் தருவதில்லை. போதாததற்கு, வேலையாளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு படிவத்திலும் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணே தெரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஒருவரின் பிறந்த தேதியைச் சொல்லிவிடும் என்பதை நினைத்தால், அது வருகைத் திரையில் நாள் முழுவதும் நின்றது எவ்வளவு தவறு என்பது புரியும். புதிய புலம் ஒன்றை உருவாக்கி எண்களை அதற்கு மாற்றிப் பூட்டினேன். முதன்மைப் புலத்தில் ஆளின் பெயரையும் தோட்ட எண்ணையும் சேர்த்து இட்டேன். ஆனால் பழைய மதிப்புகள் மாற்ற வரலாற்றில் அப்படியே இருக்கும். வரலாற்றைப் பார்க்கும் உரிமையைக் கிராணி ரோலில் சேர்க்காதது இதனால்தான்.

மாற்றாள் வரும் நாட்கள்

மூத்த கிராணி அக்கா கேட்ட வழியைக் குழுக்களின் மூலம் அமைத்தேன். ஒவ்வொரு தோட்ட யூனிட்டிலும் மாற்றாட்களுக்கென்று ஒரு குழு. அந்தக் குழுவுக்கு அதே கிராணி ரோல். பக்கத்துத் தோட்டத்துக் கிராணியை அந்தக் குழுவில் சேர்த்தால், அவருடைய சொந்த யூனிட்டை மாற்றாமலே, குழு இருக்கும் யூனிட்டின் பதிவுகள் அவருக்குத் திறக்கும், எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். குழுவை, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாப்ட் என்ட்ரா ஐடியில் உள்ள ஒரு பாதுகாப்புக் குழுவோடு இணைத்தும் இதைச் செய்யலாம். அப்போது, ரோல் எடிட்டருக்குள் வராமலே, தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு உறுப்பினர்களைச் சேர்த்து எடுக்க முடியும். நாங்கள் அதையே தேர்ந்தெடுத்தோம். யார் எங்கு போய் உட்காருகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சோதனையும் மாற்றமும்

நடப்புச் சூழலில் நேரடியாகக் கை வைக்கவில்லை. அதன் நகலாக, சோதனைக்கான ஒரு சேண்ட்பாக்ஸ் சூழலை எடுத்தபோது, எல்லாவற்றையும் நகலெடுக்கும் தேர்வை விட்டுவிட்டு, பயனர்கள், அமைப்புகள், அட்டவணை வடிவங்கள் மட்டும் வரும் தேர்வையே எடுத்தேன். தொழிலாளர்களின் உண்மையான விவரங்களைக் காக்கும் வேலைக்காக அவற்றையே இன்னொரு பிரதி எடுத்து வைப்பது பொருத்தமற்றது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களில் பதிவுகளை உருவாக்கினேன். நகலெடுத்த சூழல் நிர்வாக நிலையில் வரும். அந்த நிலையில் நிர்வாகிகள் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால், கிராணிகளின் சோதனைக் கணக்குகளோடு பார்ப்பதற்கு அதை அணைக்க வேண்டும். பின்னணிச் செயல்பாடுகளை மட்டும் அணைத்தே வைத்தேன். இல்லையென்றால் சோதனைச் சூழலிலிருந்து உண்மையான ஆட்களுக்கு மின்னஞ்சல் போகலாம்.

சோதனைக் கணக்கோடு பெரட்டு முதல் மாலைச் சரிபார்ப்பு வரை முழு நாளின் வேலையையும் செய்து பார்த்தோம். முடிந்ததைப் பார்த்ததோடு, முடியக் கூடாததையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தோம்: அடுத்த தோட்டத்து ஆளைத் தேடுவது, முகவரிப் பட்டையில் பதிவின் அடையாளத்தை நேரடியாக ஒட்டித் திறப்பது, பட்டியலை ஏற்றுமதி செய்வது. பதிவுத் திரையின் மேல் பட்டையில் ‘செக் ஆக்சஸ்’ என்ற பொத்தான் உண்டு. ஒருவருக்கு அந்தப் பதிவின் மேல் எந்த உரிமை, எந்த ரோல் அல்லது குழுவின் வழியாக வருகிறது என்பதை அது காட்டிவிடும். எதிர்பாராத கதவுகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இந்தத் தளத்தில் இல்லை என்பேன்.

ஃப்ளோக்களை மறந்துவிடக் கூடாது. மாத இறுதியில் வங்கிக்கான சம்பளக் கோப்பைத் தயாரிக்கும் ஃப்ளோ, அட்மினிஸ்ட்ரேட்டர் ரோல் வைத்திருந்த ஓர் ஊழியரின் இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ரோலைக் குறைத்த நாளில் அந்த ஃப்ளோ வங்கிக் கணக்குப் புலத்தைக் காலியாகவே படித்திருக்கும். ஆகவே முதலில், ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்கென்றே இருக்கும் ஒரு செயலிப் பயனரை உருவாக்கி, அந்த வேலைக்குத் தேவையான ரோலையும் புலப் பாதுகாப்பு புரொஃபைலையும் மட்டும் கொடுத்து, ஃப்ளோவின் இணைப்பை அதற்கு மாற்றினோம்.

ரோல்களை, ஒரு சூழலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றங்களை எடுத்துச்செல்லும் தொகுப்பான சொல்யூஷனில் சேர்த்து நடப்புச் சூழலுக்குக் கொண்டுசென்றோம். சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் எதையும் தொடக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். சம்பளம் போய்ச் சேர்ந்த பிறகு, ஆட்களை அவரவர் யூனிட்டுக்கு மாற்றி, புதிய ரோலோடு பழைய ரோலையும் அன்றே திரும்பக் கொடுத்தோம். உரிமைகள் கூட்டப்படுபவை என்பதால் இந்த நிலையில் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அதன் பிறகு ஒரு தோட்டத்தில் மட்டும் பழைய ரோலை எடுத்துவிட்டு, அங்கு வேலை நடப்பதைப் பார்த்த பின்பே அடுத்த தோட்டத்துக்குப் போனோம். ஏதாவது நின்றுபோனால் பழைய ரோலைத் திரும்பக் கொடுத்தால் வேலை தொடரும். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் நம்பிக்கை தந்தது. கடைசித் தோட்டமும் முடிந்ததும் பழைய ரோலை அழித்துவிட்டேன். பெயர் பட்டியலில் இருக்கும் வரை யாராவது ஒருநாள் அதை மீண்டும் யாருக்காவது கொடுப்பார்கள்.

மாற்றத்துக்குப் பின் வந்த புகார்கள் பெரும்பாலும் விடுபட்ட அப்பெண்ட் டு உரிமைகள் பற்றியவை. பிழைக் கோப்பைப் பார்த்து உடனுக்குடன் சரிசெய்தோம். ரோலில் உரிமை சேர்ப்பதும் நீக்குவதும், பயனருக்கு ரோல் கொடுப்பதும் எடுப்பதும் தணிக்கைப் பதிவில் விழும்படி, சூழல் அளவில் தணிக்கை இயக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு தோட்டத்தின் பயனர் பட்டியலையும் அதன் மேலாளர் கையொப்பமிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்ற நடைமுறையையும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

ஒரு வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய காலத்தில் தனித்தனிப் பதிவுகளை ஷேர் பொத்தான் மூலம் பலரோடு பகிர்ந்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைப் படிக்கும் உரிமை ஒருவருக்குத் தன் தோட்ட அளவில் இருந்தாலே, அடுத்த தோட்டத்திலிருந்து முன்பு பகிரப்பட்ட பதிவும் அவருக்குத் தெரியும். ரோலைத் திருத்தியதால் அந்தப் பகிர்வு அறுந்துவிடுவதில்லை. செக் ஆக்சஸ் திரையில் இது தென்பட்டதும், புதிய ரோல்களில் ஷேர் உரிமையை மேலாளருக்கு மட்டும் விட்டுவிட்டு, பழைய பகிர்வுகளைத் தோட்டம் தோட்டமாக எடுத்துக்கொண்டு வருகிறோம். பழைய முன்பண அட்டவணை நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால் அதன் பதிவுகளைப் பகிரவே முடியாது, எனவே அதில் எடுக்க வேண்டிய பகிர்வு எதுவும் இல்லை. வேலையாள் பதிவேட்டில்தான் அதிகம் மீதி இருக்கிறது. இப்போது அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பதிவுகளை முதலில் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.